காரின் பழைய வானொலியை நாமே கழற்றலாம், ஒரு வயரையும் வெட்டாமல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇயின் விலையைப் பார்த்துவிட்டு, பத்தாண்டு ஓடிய காரையே இன்னும் ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ புதுப்பித்து ஓட்டுவோர் நம்மிடையே ஏராளம். அந்தக் கார்களில் எஞ்சினும் கியரும் நன்றாகவே உழைக்கும். டேஷ்போர்டின் நடுவில் இருக்கும் வானொலி மட்டும் சிடி காலத்தோடு நின்றுபோயிருக்கும். புளூடூத் இருக்காது, கைப்பேசியைச் சேர்க்க வழியிருக்காது, எழுத்துத் திரை பாதி மங்கிக் கிடக்கும். மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் கடைகளில் சில, காரோடு வந்த பிளக்கை வெட்டி எறிந்து, வயர்களை முறுக்கி, டேப் சுற்றி அனுப்பிவிடுகின்றன. இந்த வேலைக்கு ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டியதில்லை. பொறுமை உள்ளவர் எவரும் அரை நாளில் தாமே செய்து முடிக்கலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சிஓஇ ஏல முடிவுக்கு ஒதுக்கும் இடத்தில் கொஞ்சம் இதற்கும் கிடைத்தால் நல்லது.

முகவர் வழியாக வராமல் ஜப்பானிலிருந்து நேரே இறக்குமதியான கார் வைத்திருப்பவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜப்பானில் பண்பலை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90 வரை இருந்தது. பிறகு 95 வரை நீட்டினார்கள். நம் நிலையங்கள் 88க்கும் 108க்கும் இடையில் இயங்குகின்றன. நம் தமிழ் நிலையமான ஒலி 96.8 பழைய கணக்கிலும் சேராது, புதிய கணக்கிலும் சேராது. எவ்வளவு திருகினாலும் வராது. பெட்டியில் பழுது எதுவும் இல்லை. இதற்கென்று விற்கும் சிறிய அலைவரிசை மாற்றியை ஆன்டெனா வயருக்கும் வானொலிக்கும் இடையில் செருகினால், அது எல்லா நிலையங்களையும் ஒரே அளவு கீழே இறக்கிக் கொடுக்கும். 12 மெகாஹெர்ட்ஸ் இறக்கும் மாற்றி என்றால் ஒலி 96.8 திரையில் 84.8 என்று வரும். பழைய ஜப்பானியப் பெட்டியின் அகலமே 14 மெகாஹெர்ட்ஸ்தான் என்பதால் 88 முதல் 102 வரைதான் பிடிக்கும், அதற்கு மேல் உள்ள நிலையங்கள் போய்விடும். வானொலியை மாற்ற விரும்பாமல் இந்த மாற்றியை மட்டும் பொருத்துவதென்றாலும் பெட்டியை வெளியே எடுத்தே ஆக வேண்டும்.

எந்தக் காரில் கை வைக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குளிரூட்டி, பின்புறக் கேமரா, காரின் அமைப்புகள் எல்லாம் ஒரே தொடுதிரையில் ஓடும் புதிய கார்களில் வானொலி என்று தனியாக ஒன்று இல்லை. கழற்றினால் அந்த இடத்தில் போட எதுவும் கிடைக்காது. பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆவ்டி கார்கள் பலவற்றில் ஒலிப் பெட்டிகள் ‘மோஸ்ட்’ என்ற ஒளியிழை வளையத்தில் கோர்க்கப்பட்டிருக்கும். வளையத்தில் ஒரு பெட்டியைப் பிரித்தாலும் மொத்தமும் ஊமையாகிவிடும். அந்த இழையை 25 மி.மீ. ஆரத்துக்கும் குறுக்கி வளைத்தால் உள்ளே போகும் ஒளியே கசிந்துவிடும். அவற்றைத் தெரிந்தவரிடம் விடுங்கள். வாடகைக் காரென்றால் கேட்கவே வேண்டாம். உத்தரவாதக் காலம் முடியாத கார் குறித்தும் ஒரு சொல்: போட்டி ஆணையம் தலையிட்ட பிறகு, 2017 இறுதியில், வெளிப் பட்டறையில் பராமரித்தாலே உத்தரவாதம் செல்லாது என்ற நிபந்தனையைக் கார் முகவர்கள் நீக்கினார்கள். அதை நம்பி டேஷ்போர்டைத் திறக்க வேண்டாம். நம் கைவேலையால் வந்த பழுதுக்கு முகவர் பொறுப்பேற்க மாட்டார்.

மற்றபடி, 2000க்கும் 2015க்கும் இடையில் வந்த ஜப்பானிய, கொரியக் கார்களில் பெரும்பாலானவை இந்த வேலைக்கு ஏற்றவை. வாங்கப்போகும் பெட்டி பொருந்துமா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். கார் வானொலிகளின் அளவை ‘டின்’ என்ற தரத்தில் சொல்வார்கள். ஒற்றை டின் என்பது 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். இரட்டை டின் அதே அகலத்தில் 100 மி.மீ. உயரம். டொயோட்டாவும் டைஹாட்சுவும் 200 மி.மீ. அகலம் வைப்பதால், பொதுவான இரட்டை டின் பெட்டியைப் போட்டால் இரு பக்கமும் 10 மி.மீ. இடைவெளி தெரியும், அதை அடைக்கும் பக்கத் துண்டுகள் தனியாகக் கிடைக்கும். ஒன்பது அங்குல, பத்து அங்குலத் திரைகளுக்கு அந்தந்தக் காருக்கென்று செய்த சட்டம், அதாவது பெட்டியைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் விளிம்பு, வேண்டும். சட்டம் கையில் வராத வரை பழையதைக் கழற்றாதீர்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். பிளாஸ்டிக் நெம்பு கருவி ஒரு செட், இரண்டாம் எண் நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், 10 மி.மீ. சாக்கெட், அதற்கு 150 மி.மீ. நீட்டிப்பு, மூக்குக் குறடு, தலையில் மாட்டும் விளக்கு, மாஸ்கிங் டேப், ஒரு பழைய துண்டு, மல்டிமீட்டர். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா என்றால் டி20 டார்க்ஸ் (ஆறுமுனை நட்சத்திர) முனை. பழைய ஐரோப்பியக் கார்கள் சிலவற்றில் பெட்டியின் முகத்திலேயே மெல்லிய துளைகளோ கீறல்களோ இருக்கும். அவற்றுக்கென்று உள்ள சாவிகளை நுழைத்து, ‘டக்’ என்ற சத்தம் கேட்ட பின் இழுத்தால் பெட்டி தானே வழுக்கிக்கொண்டு வரும். பிளாஸ்டிக்கைத் தொடவே வேண்டாம். தட்டை ஸ்க்ரூடிரைவரை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். டேஷ்போர்டுகளில் தெரியும் பள்ளங்களில் பாதி அதன் வேலைதான்.

இடம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கார் நிறுத்துமிடம் பட்டறை வேலைக்கான இடம் அல்ல. பக்கத்து லாட்டில் ஸ்க்ரூவும் சட்டமும் பரப்பி வைத்தால் யாருக்கும் பிடிக்காது. தரைவீட்டில் இருக்கும் உறவினரின் போர்ச், அல்லது சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் பழக்கமான பட்டறையில் ஒரு மூலை, இவை போதும். வெயிலில் கிடந்த காரில் பிளாஸ்டிக் இளகி வளையும். கிளிப் விடுபடாமல் சட்டம் மட்டும் நெளிந்து வரும். குளிரூட்டியில் உறைந்திருந்தால் அதே பிளாஸ்டிக் விறைத்து, கிளிப்பைப் பிடிக்கும் நாக்குகள் ஒடியும். நிழலில், கதவுகளைத் திறந்து வைத்து, காலை நேரத்தில் தொடங்குங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட காரில் நாக்குகள் எப்படியும் ஒன்றிரண்டு ஒடியும் என்று வைத்துக்கொண்டு, அதே மாடலின் உலோகக் கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. உள்ளே சிக்கியிருக்கும் சிடியை வெளியே எடுங்கள். மின்சாரம் போனால் ரகசிய எண் கேட்கும் வானொலிகள் ஹோண்டாவிலும் ஐரோப்பியக் கார்களிலும் உண்டு. அந்த எண் எழுதிய அட்டை பெரும்பாலும் கையேட்டுப் பையில் இருக்கும். பழைய பெட்டியை மீண்டும் போட நேர்ந்தால் அது இல்லாமல் அசையாது. கியர் தண்டைச் சுற்றியுள்ள சட்டம் வெளியே வர, பல கார்களில் தண்டை ‘பி’யிலிருந்து கீழே இறக்க வேண்டும். அப்படியென்றால் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக்கை முழுவதும் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிடுங்கள். பேட்டரி கழன்ற பிறகு பிரேக்கை மிதித்தாலும் தண்டு நகராது. அதன் பக்கத்தில் இருக்கும் சிறு மூடியைத் திறந்து உள்ளே உள்ள பூட்டு விடுவிப்பானை அழுத்த வேண்டும். இரண்டாம், மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் 12 வோல்ட் பேட்டரி பின்பக்கம் இருக்கிறது, அந்தக் கதவோ மின்சாரத்தில் திறப்பது. பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பின் கதவைச் சாத்தினால் நீங்கள் வெளியே, பேட்டரி உள்ளே.

நெகட்டிவ் முனையை மட்டும் கழற்றினால் போதும், 10 மி.மீ. நட்டைத் தளர்த்தி, கவ்வியைத் தூக்கி, துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். பிறகு காத்திருக்க வேண்டும். ஏர்பேக் அமைப்பில் உள்ள மின்தேக்கி காலியாவதற்கு டொயோட்டா 90 விநாடி சொல்கிறது, ஹோண்டா மூன்று நிமிடம் சொல்கிறது. பத்து நிமிடம் விட்டால் நிம்மதி. டேஷ்போர்டுக்குள் மஞ்சள் நிற பிளக்கையோ மஞ்சள் உறை போட்ட வயரையோ கண்டால் அது ஏர்பேக். அதைப் பிடுங்கவும் கூடாது, மல்டிமீட்டர் வைத்து அளக்கவும் கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே அதை வெடிக்கச் செய்யக்கூடும்.

இனி சட்டங்கள். இந்த வேலையில் பாதிக்கு மேல் இதுதான், கார்கள் கெட்டுப்போவதும் இங்கேதான். சட்டங்கள் எந்த வரிசையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன என்று தெரியாமல் நெம்பத் தொடங்குவதே காரணம். பொதுவாக மேலே கண்ணுக்குத் தெரிவது கடைசியாகப் பொருத்தப்பட்டது, அதுதான் முதலில் வர வேண்டும். கியர் பக்கச் சட்டம், கீழே உள்ள சிறு பெட்டி, குளிரூட்டிக் குமிழ்கள், பிறகு வானொலியைச் சுற்றிய சட்டம் என்று ஒரு காரில் கீழிருந்து மேலே போகும். இன்னொன்றில் காற்று வரும் வாய்களிலிருந்து கீழே இறங்கும். மிட்சுபிஷி லான்சர் இஎக்ஸில் நடுச் சட்டம் முழுதும் கிளிப்பில்தான் நிற்கிறது. கீழ் விளிம்பில் விரல் கொடுத்து நேராக இழுத்தால் வந்துவிடும். உங்கள் மாடலுக்கு உரிய வரிசையைக் காணொளியில் பார்க்கும்போது ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா நாட்டுக் காணொளிகளைத் தேடுங்கள். அங்கும் நம்மைப் போல வலப்பக்க ஸ்டீயரிங். அமெரிக்கக் காணொளியில் ஸ்க்ரூ இருக்கும் பக்கமே வேறாக இருக்கும், சட்டத்தின் வடிவமும் மாறும்.

நெம்புவதற்கு முன் சட்டத்தின் ஓரமெங்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். கறுப்புப் பளபளப்பு முகம் கொண்ட சட்டங்கள் துணி பட்டாலே கீறும். நெம்பு கருவியைக் கீழ் மூலையில் நுழைத்து, இடைவெளி விழுந்ததும் இன்னொன்றைப் பக்கத்தில் நுழைத்து, கிளிப் இருக்கும் இடத்துக்கு நேராகக் கொண்டுவந்து அழுத்துங்கள். கிளிப்புக்கு இரண்டு அங்குலம் தள்ளி அழுத்தினால் வளைவது சட்டம்தான், கிளிப் அசையாது. ஒரு கிளிப் விட்டதும் அடுத்ததற்குப் போங்கள். விட்ட பக்கத்தை மட்டும் அகலமாக இழுத்துத் திறந்தால் எதிர்ப்பக்க நாக்கு ஒடியும். இழுப்பு எப்போதும் உங்கள் மார்பை நோக்கி நேராக இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் எங்காவது வெள்ளைக் கோடு விழத் தொடங்கினால் அந்த நொடியே கையை எடுங்கள். அங்கே ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கிறது என்று பொருள். ரப்பர் விரிப்புக்கு அடியில், நாணயப் பெட்டிக்குள், போலிப் பொத்தானுக்குப் பின்னால், குளிரூட்டிக் குமிழுக்கு அடியில் பாருங்கள். ஹோண்டாவும் மாஸ்டாவும் இப்படி ஒளித்து வைப்பதில் வல்லவர்கள்.

சட்டம் விடுபட்டதும் வெற்றி என்று உருவிவிடாதீர்கள். அதன் பின்னால் நான்கு விளக்கும் ஒன்றாக மின்னும் எச்சரிக்கைப் பொத்தானின் பிளக், பயணியர் ஏர்பேக் விளக்கின் பிளக், கடிகாரத்தின் பிளக் எல்லாம் ஒரு சாண் வயரில் தொங்கும். ஒரு கையால் சட்டத்தைத் தாங்கி, மறு கையால் பிளக்கின் பூட்டு நாக்கை அழுத்தி, பிளக்கின் உடலைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே ஊசி பின்வாங்கிவிடும், வெளியில் பார்த்தால் தெரியாது, பிறகு ஒரு நாள் முழுக்கத் தேட வேண்டியிருக்கும். குமிழைத் திருகும் பழைய வகைக் குளிரூட்டியில் பின்னால் மின்வயர் தவிரக் கம்பிக் கேபிளும் இருக்கும். அதைக் கழற்றாமல் பலகையை ஓரமாகச் சாய்த்து வைத்துக்கொண்டே வேலையை முடிக்க முடியுமா என்று பாருங்கள். கழற்றினால் மீண்டும் அதே அளவில் மாட்டுவது தனி வேலை. இடையில் உலோகக் கிளிப் ஒன்று டேஷ்போர்டுக்குள் விழுந்தால் அப்போதே எடுத்துவிடுங்கள். பின்னால் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்ட கிளிப், கியர் தண்டின் அடியிலோ குளிரூட்டிக் குழாயிலோ போய், ஒவ்வொரு வேகத்தடையிலும் குரல் கொடுக்கும்.

வானொலிப் பெட்டியை எடுப்பது இதையெல்லாம் விட எளிது. டொயோட்டாவில் பெரும்பாலும் நான்கு 10 மி.மீ. போல்ட், மிட்சுபிஷியில் நான்கு ஸ்க்ரூ, ஐந்தாம், ஆறாம் தலைமுறை கோல்ஃபில் நான்கு டி20. பெட்டி தன் இரு பக்கத் தாங்கிகளோடு சேர்ந்தே வரும். அது வரும் முன், கியர் தண்டின் மேல் துண்டைப் போட்டுவிடுங்கள். பெட்டியின் கூரான தகர விளிம்பு கீழே உரசினால் போனது போனதுதான். ஃபோக்ஸ்வாகனின் பெரிய பிளக்கில் ஒரு நெம்பு கைப்பிடி உண்டு. அதைத் தூக்கினால் பிளக் தானே வெளியே தள்ளிக்கொண்டு வரும், இழுக்க வேண்டாம். ஆன்டெனா முனையை வயரைப் பிடிக்காமல் முனையைப் பிடித்துக் கழற்றுங்கள்.

இப்போது கையில் காரின் பிளக் இருக்கிறது. கடைகள் வெட்டுவது இதைத்தான். வெட்ட வேண்டாம். அந்தக் காருக்கு உரிய மாற்று வயர் கொத்து விற்கிறது: டொயோட்டாவுக்குப் பத்து முனையும் ஆறு முனையும் சேர்ந்த இணை, நிசானுக்கு இருபது முனை, ஹோண்டாவுக்கும் ஹியுண்டாய்க்கும் ஆண்டைப் பொறுத்து அவற்றுக்கென்று உள்ளவை. அதன் ஒரு முனை காரின் பிளக்கில் அப்படியே செருகும், மறு முனை புதிய பெட்டியின் வயர்களோடு சேரும். சேர்க்கும் வேலையை மேசையில் வைத்தே முடித்துவிடலாம், டேஷ்போர்டுக்குள் தலையை விட்டுச் செய்ய வேண்டியதில்லை. காரை விற்கும் நாளிலோ, புதிய பெட்டி பழுதாகும் நாளிலோ பழையதை ஐந்து நிமிடத்தில் திரும்ப மாட்டலாம்.

வெளியில் வாங்கும் பெட்டிகளில் வயர் நிறங்கள் பெரும்பாலும் ஒரே மரபைப் பின்பற்றும். மஞ்சள் எப்போதும் இருக்கும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் வரும் 12 வோல்ட், கறுப்பு தரை (காரின் உடலோடு சேரும் நெகட்டிவ்). ஆரஞ்சு விளக்கொளிக்கு. வெள்ளை முன் இடது ஒலிபெருக்கி, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது அதன் எதிர்முனை (நெகட்டிவ்). காரின் பக்கத்து நிறங்கள் இந்த மரபுக்குள் வராது. ஆகவே நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரில் அளந்தே சேருங்கள். பேட்டரியைச் சற்று நேரம் மாட்டித்தான் அளக்க முடியும். கழற்றிய ஏர்பேக் விளக்குப் பிளக்குகளை மாட்டாமல் சாவியைத் திருப்பினால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்து நின்றுவிடலாம், முதலில் அவற்றை மாட்டிவிடுங்கள். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறிவிட்டால் பெட்டி வேலை செய்யும், ஆனால் சாவியை எடுக்கும்போதெல்லாம் நேரமும் நிலையங்களும் மறந்துபோகும்.

ஒலிபெருக்கியின் எதிர்முனையைத் தரையோடு சேர்க்கவே கூடாது. இன்றைய பெட்டிகளில் இரு முனையிலும் மின்னழுத்தம் உண்டு. ஒன்றைத் தரையில் தொட்டால் உள்ளே இருக்கும் பெருக்கிச் சில்லு போய்விடும். நேர்முனையும் எதிர்முனையும் ஒரு பக்கத்தில் மட்டும் மாறிவிட்டால் எதுவும் எரியாது, ஆனால் கனத்த ஒலி காணாமல் போகும், பாட்டு எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. இரைச்சலோடு மட்டும் நிலையம் வருகிறதென்றால் பெரும்பாலும் நீல வயர் தனியாக விடப்பட்டிருக்கும். கூரையில் குட்டை ஆன்டெனாவோ கண்ணாடியில் பதித்த ஆன்டெனாவோ உள்ள கார்களில் அந்த ஆன்டெனாவுக்கென்று ஒரு சிறு பெருக்கி உண்டு. அதற்கு நீல வயர்தான் மின்சாரம் தரும். டொயோட்டாவின் சொந்தப் பின்புறக் கேமராக்கள் பல 6 வோல்ட்டில் ஓடுபவை. 12 வோல்ட் கொடுத்தால் கேமரா அங்கேயே முடிந்தது. இடையில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் துண்டு வேண்டும்.

சேர்ப்புகளைச் சரியான அளவுக் கிரிம்ப் குழாயில் அழுத்துங்கள், அல்லது சால்டர் வைத்துச் சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். வயரின் தோலைக் கடித்துக்கொண்டு நிற்கும் நீலக் கவ்விகள் வேண்டாம். நம் ஊர் வெப்பத்தில் அவை தளரும், பிறகு பெட்டி தோன்றும்போது ஓடும், தோன்றாதபோது நிற்கும். சாதாரண பிவிசி டேப்பும் அப்படித்தான், ஓராண்டில் பசை உருகி வழியும். துணி டேப் சுற்றினால் வயர் சட்டத்தில் உரசி எழும் கடகடப்பும் நிற்கும்.

வெளிர் பச்சை வயர் ஒன்று மிச்சம் இருக்கும், கை பிரேக்குக்கு என்று எழுதியிருக்கும். வண்டி ஓடும்போது படம் பார்க்க அதைத் தரையோடு சேர்த்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். வண்டி ஓடும்போது ஓட்டுநர் கண்ணில் படும் திரையில் படம் ஓடுவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

கைப்பேசிப் பேச்சுக்கான மைக்கைக் கண்ணாடி ஓரத் தூணில் ஏற்ற ஆசைப்படுவார்கள். அந்தத் தூணுக்குள் பல கார்களில் திரை ஏர்பேக் மடிந்து கிடக்கிறது. அதன் முன்னால் வயர் ஓடினால் விரியும் வேளையில் அது வயரையும் சேர்த்து வீசும். ஸ்டீயரிங் தண்டின் மேல்மூடியில் ஒட்டினாலே குரல் தெளிவாகப் போகும்.

2023இல் பொருத்தத் தொடங்கிய, சாலைக் கட்டணம் வசூலிக்கும் இஆர்பி 2.0 கருவியை மறந்துவிடக் கூடாது. கார்களில் அது மூன்று துண்டுகளாக வருகிறது. அவற்றில் செயலிப் பெட்டி பெரும்பாலும் முன் பயணியின் கால் வைக்கும் பகுதியில், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். அதன் வயர்கள் நாம் திறக்கும் சட்டங்களுக்குப் பின்னால்தான் ஓடுகின்றன. அந்த வயர்களிலிருந்து புதிய பெட்டிக்கு மின்சாரம் எடுக்காதீர்கள், அவற்றை இழுத்து இடம் மாற்றாதீர்கள். வழியில் நிற்கிறதென்றால் நிலப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த பட்டறையில் காட்டுங்கள்.

புதிய பெட்டியைப் பழைய தாங்கிகளில் பொருத்தும்போது அதனோடு வந்த குட்டை ஸ்க்ரூக்களையே போடுங்கள். 8 மி.மீ.க்கு மேல் நீண்ட ஸ்க்ரூ உள்ளே இருக்கும் சுற்றுப் பலகையில் இறங்கிவிடும். பெட்டி கடைசி ஓர் அங்குலம் உள்ளே போக மறுத்தால் தள்ளாதீர்கள், பின்னால் வயர் கொத்து மடிந்திருக்கிறது. கையுறைப் பெட்டியைக் கழற்றினால் அந்தப் பக்கத்திலிருந்து கைவிட்டு வயர்களைக் கீழே இழுத்துக்கொள்ளலாம். அதன் இரு பக்கச் சுவரையும் உள்நோக்கி அழுத்தி, ஓரத்தில் இருக்கும் தண்டை விடுவித்தால் தொங்கிவிடும். அப்படியே பின்னால் தெரியும் குளிரூட்டி வடிகட்டியையும் எடுத்துப் பாருங்கள். பல கார்களில் அதைப் பார்த்தால் உடனே மாற்றத் தோன்றும்.

சட்டங்களை மூடும் முன் பேட்டரியை மாட்டி, எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: நான்கு ஒலிபெருக்கி, ஸ்டீயரிங் பொத்தான்கள், பின்புறக் கேமரா, எச்சரிக்கை விளக்கு, குளிரூட்டி. பிறகு மூடுங்கள். பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கமாகத் திருகி, பழைய மரையில் ‘டொக்’ என்று விழுந்த பிறகு வலப்பக்கம் திருகினால் மரை கெடாது. பேட்டரி கழன்றிருந்ததால் கண்ணாடி தானே ஏறும் வசதி மறந்திருக்கும். பொத்தானை மேலே இழுத்து, கண்ணாடி மூடிய பின்னும் இரண்டு விநாடி பிடித்திருந்தால் பெரும்பாலான கார்களில் திரும்பிவிடும்.

மறுநாள் காலை வண்டி கிளம்பத் திணறினால் புதிய பெட்டி இரவெல்லாம் விழித்திருக்கிறது. சாவியை எடுத்து, கதவுகளைப் பூட்டி, அரை மணி நேரம் கழித்து, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் அதன் கவ்விக்கும் இடையில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து அளந்து பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால் வானொலி ஃபியூஸை உருவிப் பாருங்கள். எண் சரிந்தால் கோளாறு நம் வேலையில்தான். ஐரோப்பியக் கார்களில் இது அடிக்கடி நடக்கும். அங்கே சாவியின் சமிக்ஞை தனி வயரில் வராமல், காரின் மின்னணுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் ‘கேன்’ தரவு வயரில் வருவதால், அதைப் படித்துச் சொல்லும் இடைப்பெட்டி இல்லாவிட்டால் வானொலிக்கு எப்போது தூங்குவதென்றே தெரியாது.

இவ்வளவையும் படித்துவிட்டுக் கடையிலேயே கொடுத்துவிடலாம் என்று தோன்றினால் அதிலும் தவறில்லை. காரை விடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: என் காருக்குரிய மாற்று வயர் கொத்து உங்களிடம் இருக்கிறதா, பழைய பெட்டியைத் தாங்கிகளோடும் ஸ்க்ரூக்களோடும் திருப்பித் தருவீர்களா? முதல் கேள்விக்கு ‘அதெல்லாம் எதற்கு, வெட்டிச் சேர்த்தால் போதும்’ என்று பதில் வந்தால் சாவியைக் கொடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாகன மின்வேலை தெரிந்த வாசகர்,
உட்லண்ட்ஸ்